முழு அடைப்பு நாளின் நட்டம் யார் தலையில் விழுகிறது? கேரள ஹர்த்தாலை முன்வைத்து

வாளையார் ரோடு:

ஒவ்வொரு ஹர்த்தால் முடிஞ்சதும் "ஒரே நாள்ல இத்தனை கோடி நட்டம்"னு ஒரு தொகை வாட்ஸ்அப்பில் சுத்துதுங்க. பெரும்பாலும் மாநிலத்தோட வருச உற்பத்தியை 365ஆல் வகுத்து வந்த தொகை அது. அதை வெச்சு வாதாடினா ஹர்த்தால் நடத்துறவங்களுக்குத்தான் வசதி. "இன்னைக்கு விக்காத சிமெண்ட் நாளைக்கு வித்துரும்"னு ஒரே வரியில் முடிச்சுருவாங்க. சிமெண்டுக்கு அது உண்மையும்கூட. தக்காளிக்கு உண்மை இல்லை. அதனால சரக்கு சரக்காப் பிரிச்சுப் பேசுவோம். நான் கோவை–பாலக்காடு எல்லையில இருக்கற வாளையார் வழியை எழுதறேன், மத்தவங்க அவங்கவங்க துறையை எழுதுங்க.

ஒட்டன்சத்திரம், உடுமலை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், தேனிப் பக்கத்துக் காய்கறியில பெரும்பகுதி கேரளாவுக்குத்தான் போகுது. வண்டி சாயங்காலம் லோடு ஏறி, விடியக்காலம் 3, 4 மணிக்குள்ள திருச்சூர், எர்ணாகுளத்தில் இறக்கணும். ஹர்த்தால் காலை 6 முதல் மாலை 6 வரைக்கும். ஆறு மணிக்கு முன்னாடி இறக்கிட முடியும், ஆனா வாங்கிட்டுப் போக சில்லறைக் கடைக்காரர் வரமாட்டார். அதனால அங்கத்த மொத்த வியாபாரி முந்தின நாளே "லோடு வேண்டாம்"னு போன் பண்ணிடுவார். அந்த போன் வந்த ஒரு மணி நேரத்துல ஒட்டன்சத்திரம் ஏலத்துல விலை இறங்கிடும். அடைப்பு எர்ணாகுளத்தில், விலை விழுறது திண்டுக்கல் மாவட்டத்தில்.

14 கிலோ தக்காளிப் பெட்டிக்குப் பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வேன் வாடகை, இறக்குக் கூலி, மண்டி கமிஷன் எல்லாம் போகணும். ஏல விலை அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழ போயிட்டா, விவசாயி பறிக்காம விடுறதுதான் அவருக்கு நட்டம் குறைவு. மறுநாளாவது சரியாகுமான்னா, இல்லை. நிறுத்தி வெச்ச பழமும் அன்னைக்குப் பறிச்ச பழமும் சேர்ந்து வரும், வரத்து எகிறும், விலை மறுபடி படுக்கும். ஒரு நாள் அடைப்புக்கு ரெண்டு மூணு நாள் விலை போகுது. இதை எந்தக் கட்சிக் கணக்கிலும் பார்த்ததில்லை.

கறிக்கோழி இன்னும் மோசம். பல்லடம் பக்கம் ராத்திரி பிடிச்சு, கிரேட்டில் அடைச்சு ஏத்துறாங்க. பிடிக்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே தீவனம் நிறுத்திருப்பாங்க. அதுக்கப்புறம் மணிக்குக் கால் முதல் அரை சதவீதம் வரைக்கும் எடை குறையும். வண்டி ஓடிட்டு இருந்தா காத்து உள்ள போய்ட்டு இருக்கும். நின்னுட்டா நடு அடுக்குக் கூண்டில் சூடு ஏறி, கோழி மூச்சு வாங்க ஆரம்பிச்சு, மதியத்துக்குள்ள சாக ஆரம்பிச்சுரும். தண்ணி தெளிக்கலாம், ஆனா காத்தோட்டம் இல்லாத இடத்துல தெளிச்சா ஈரப்பதம் கூடி இன்னும் சீக்கிரம் சாகும். நிழலும் காத்தும் உள்ள இடம் பார்த்து நிறுத்திட்டுத்தான் தெளிக்கணும்.

முன்கூட்டிச் சொன்ன ஹர்த்தால்னா லோடே ஏத்தமாட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா அறிவிக்கிற மின்னல் ஹர்த்தால்தான் வண்டியை நடு வழியில் மாட்டி வெக்குது. 2018 நவம்பர் 17 ஹர்த்தால் அப்படித்தான். ஜனங்க தூங்கி எழும்பும்போது அது ஆரம்பிச்சே ஆச்சு.

கணக்குப்பிள்ளை:

நல்ல தொடக்கம். கணக்கு பார்க்க எனக்கு வசதியாகப் படும் கோடு ஒன்றுதான்: தள்ளிப்போகிற வரவு எது, செத்துப்போகிற வரவு எது?

நகைக்கடை, சிமெண்ட், டிவி, துணி எல்லாம் தள்ளிப்போகும். ஆட்டோ சவாரி செத்துப்போகும். இன்று ஏறாத பயணி நாளை இரண்டு முறை ஏறமாட்டார். டீக்கடையில் இன்று குடிக்காத டீயும் அப்படித்தான். ஆட்டோ ஓட்டுபவருக்கு வரவு போனாலும், வண்டிக் கடனின் தவணைத் தேதி நகராது. வயநாட்டுச் சிறு தேயிலை விவசாயியைப் பாருங்கள்: பறிப்புச் சுற்று ஏழு முதல் பத்து நாள். பறித்த பச்சை இலையை அன்றே ஆலை எடுக்காவிட்டால் சூடேறிச் சிவந்துவிடும். பறிக்காமல் விட்டால் இலை முற்றித் தரம் இறங்கி, அடுத்த விலையில் அது தெரியும்.

மாதச் சம்பளக்காரருக்கு இழப்பு மிகக் குறைவு. விடுப்பு எழுதிக் கொடுத்துவிடலாம். அரசு 'டயஸ்நான்' (பணிநாளாகக் கணக்கில் கொள்ளாத நாள்) என்று அறிவித்தால்தான் அந்த நாள் சம்பளம் போகும். ஒரே நாள் அடைப்பு ஒரு வீட்டில் ஓய்வு நாளாகவும், பக்கத்து வீட்டில் பட்டினி நாளாகவும் கழிவதற்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2018இல் கேரளத்தில் 97 ஹர்த்தால் என்ற எண்ணைப் பலரும் மாநிலம் முழுக்க 97 நாள் மூடியதாகப் படிக்கிறார்கள். அதில் பெரும்பாலானவை ஒரு ஊராட்சி, ஒரு தாலுகா, ஒரு மாவட்டம் அளவில் நடந்தவை. அவற்றை ஒரே தட்டில் வைத்துப் பெருக்கக் கூடாது.

நாடு தழுவிய அளவில் நிதானமாகச் செய்த கணக்கு வேண்டுமென்றால் வங்கதேசம்தான். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 1990களில் ஹர்த்தால்களால் ஆண்டு உற்பத்தியில் சராசரியாக 3 முதல் 4 சதவீதம் போனதாக மதிப்பிட்டது. 2015 தொடக்கத்தில் முற்றுகையும் ஹர்த்தாலும் வாரக்கணக்கில் நீண்டபோது, அங்கே பள்ளி இறுதித் தேர்வையே வெள்ளி, சனி விடுமுறை நாட்களுக்கு மாற்றி நடத்தினார்கள். பெட்ரோல் குண்டு வீசப்பட்ட பேருந்துகளில் வெந்தவர்களால் டாக்கா மருத்துவக் கல்லூரியின் தீக்காயப் பிரிவு நிரம்பியது. அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சிக்கும் வேலை செய்யாத பயணிகள், ஓட்டுநர்கள்.

பவானி நூல்:

அண்ணா, ஒரு சந்தேகம். கோவையிலிருந்து கொச்சிக்கு நூல் லோடு. வழியில் ஹர்த்தால் என்று வண்டி நின்றுவிட்டால் இ-வே பில் (ஜிஎஸ்டிக்காகச் சரக்கோடு போக வேண்டிய மின்சீட்டு) காலாவதி ஆகிவிடுமே, அதற்கு என்ன செய்வது? காய்கறி வண்டிக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதாகவே தெரியவில்லை.

வாளையார் ரோடு:

காய்கறி, முட்டை, உயிர்க்கோழி எல்லாம் வரிவிலக்குச் சரக்குங்க தம்பி, அதுக்கு இ-வே பில்லே வேண்டாம். நூலுக்கு வேணும்.

சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கோவை–கொச்சி 200க்குள்ள வர்றதால உங்களுக்கு ஒரே நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாள், பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவு வரைக்கும். 2ஆம் தேதி போட்டீங்கன்னா 3ஆம் தேதி ராத்திரி 12க்கு முடியும். 3ஆம் தேதி ஹர்த்தால்னா, மாலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்து ஆறு மணி நேரத்துல இறக்கியாகணும். ஆறு மணிக்கு எல்லா வண்டியும் ஒண்ணா ரோட்டுக்கு வரும். குதிரான், மண்ணுத்தி பக்கம் நெரிசலை நினைச்சு வெச்சுக்கோங்க.

நீட்டிக்க வழி இருக்கு. காலாவதி ஆகறதுக்கு முன்னாடி எட்டு மணி நேரம், ஆன பிறகு எட்டு மணி நேரம். மேல சொன்ன கணக்கில் 3ஆம் தேதி மாலை 4 மணியிலிருந்து 4ஆம் தேதி காலை 8 மணி வரைக்கும்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். போர்ட்டலில் வண்டி நிக்கிற இடத்தோட பின்கோடு, மீதி தூரம் போட்டு, காரணத்தில் 'சட்டம் ஒழுங்கு'ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் பேர் ஏறியிருந்தா அவர்தான் நீட்டிக்க முடியும், நீங்க முடியாது. அங்கதான் பலரும் மாட்டறாங்க: ஹர்த்தால் அன்னைக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸும் மூடியிருக்கும். முந்தின நாளே அவங்க ஆள் ஒருத்தரோட செல்போன் நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க.

விட்டுட்டீங்கன்னா ஜிஎஸ்டி சட்டத்தோட 129ஆவது பிரிவு. சரக்குக்காரர் முன்வந்தாலும் வரியில் 200 சதவீதம் அபராதம். 20 லட்சம் ரூபாய் நூலுக்கு 5 சதவீதம் வரி 1 லட்சம், அபராதம் 2 லட்சம். அதிகாரி உங்க நிலைமையைப் புரிஞ்சு விடலாம், விடாமலும் போகலாம். அதை நம்பி வண்டி ஓட்டாதீங்க.

வெள்ளை அங்கி:

பணக்கணக்கிலேயே இழை போய்க்கொண்டிருக்கிறது. மருத்துவமனைப் பக்கத்தையும் பதிந்துவிடுகிறேன்.

"பால், பத்திரிகை, மருத்துவமனை விலக்கு" என்று ஹர்த்தால் அறிவிப்பில் எப்போதும் இருக்கும். மருத்துவமனை திறந்துதான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர வண்டி இல்லை. ஆம்புலன்சை யாரும் மறிப்பதில்லை, ஆனால் எழுந்து நடக்கிற நோயாளிகள் ஆம்புலன்சில் வருபவர்கள் அல்ல. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வருபவர்கள்.

டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி வரும் நோயாளிக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளிதான் வாரத்திலேயே ஆபத்தான காலம். ஹர்த்தால் திங்கட்கிழமை விழுந்தால், செவ்வாய்க்கிழமை ஒரு இயந்திரம் காலியாக இருந்தால்கூட வெள்ளியிலிருந்து நான்கு நாள் ஆகிவிடுகிறது. ஆனால் செவ்வாய் இயந்திரங்கள் செவ்வாய், வியாழன், சனி நோயாளிகளுக்குரியவை. எல்லாரையும் நுழைக்க வேண்டுமென்றால் இரவு ஷிஃப்ட் போட வேண்டும் அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். இதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நீர் நுரையீரலில் கோக்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். அதற்கு முன்னறிவிப்பு இருக்காது.

ஏழு நாள் முன்னதாகத் தெரிந்தால் இது சமாளிக்கக்கூடிய விஷயம். திங்கள் நோயாளிகளை ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு இழுத்துக்கொள்ளலாம். மின்னல் ஹர்த்தால் என்றால் போனில் இதை மட்டும்தான் சொல்ல முடியும்: தண்ணீரைக் குறையுங்கள், இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு தொடாதீர்கள், மூச்சு முட்டினாலோ கால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, மொத்தம் 25 முதல் 35 அமர்வு வரை. ஒன்று தவறினால் சனிக்கிழமை ஈடு செய்யலாம், அல்லது ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு கொடுக்கலாம். இரண்டுமே இயந்திரம் கிடைத்தால்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நாகர்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ரயில் ஓடும், தம்பானூரில் வந்து இறங்குவார்கள், அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ இருக்காது. ஹர்த்தால் நாட்களில் காவல்துறை வண்டியும் தன்னார்வலர்களும்தான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் அங்குள்ள போலீஸ் உதவி மேசையில் மருத்துவமனை அட்டையைக் காட்டிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கவனத்துக்கு வராத இன்னொன்று ரத்தத் தட்டணு (பிளேட்லெட்). 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் வைக்க முடியும். கொடையாளர் ஒரு நாள் வராவிட்டால் லுகீமியா (ரத்தப் புற்றுநோய்) வார்டில் மறுநாளே தெரியும்.

செங்கதிர்:

மருத்துவ நண்பர் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இந்த இழை போகிற போக்கில் தொழிலாளியின் வேலைநிறுத்தமும் கட்சிகளின் கட்டாயக் கதவடைப்பும் ஒன்றாகக் குழைகின்றன. அதை ஏற்க முடியாது.

தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் இழப்பு முதலில் எங்களுக்கு. சம்பளம் போகும். பொதுப் பயன்பாட்டுச் சேவை என்றால் 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றுதான் இத்தனை ஆண்டும் இருந்தோம். முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்கு வராவிட்டால், கூலி வழங்கல் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம் என்றும் இருந்தது. நள்ளிரவில் ஹர்த்தால் அறிவிக்கிறவருக்கு இதில் எது இருக்கிறது? அவர் தன்னுடைய கூலியை விடவில்லை, அடுத்தவருடைய கூலியை விடச் சொல்கிறார்.

கடை திறந்தால் கல் என்பது போராட்டமே அல்ல. அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: பொது வேலைநிறுத்தத்தின் செலவை எழுதுகிறவர்கள், அது எதற்கு எதிராக நடந்ததோ அதன் செலவையும் எழுத வேண்டும். விலைவாசி ஏறினால், வேலை ஒப்பந்தமயமானால், அந்த நட்டமும் தினக்கூலிக்காரர் தலையில்தான் விழுகிறது. அது ஒரே நாளில் தெரியாது, அவ்வளவுதான்.

மட்டுநகர்:

செங்கதிர் தோழர் சொல்வதற்கு எங்கட பக்கம் ஒரு சான்று உண்டு. இலங்கையில் 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால். பங்கீட்டு அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் அழைப்பு விட, நாட்டின் பல பகுதிகளும் ஒரே நாளில் நின்றுபோயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார், அரிசி விலையும் ஓரளவு இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அதையும் செலவில் எழுதத்தான் வேண்டும்.

அந்த நாளில் மூடியவர்கள் தங்கட சோற்றுக்காக மூடினார்கள். ஒரு கைதுக்கும் ஒரு சோதனைக்கும் மறுநாளே முழு மாகாணத்தையும் மூடச் சொல்வது வேறு.

கணக்குப்பிள்ளை:

மட்டுநகர் ஐயா, 1953ஐ ஏற்கிறேன். ஆனால் செங்கதிர் தோழரே, நீங்கள் போடும் கோடு தரையில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2020 ஜனவரி 8 தொழிற்சங்கங்களின் நாடு தழுவிய வேலைநிறுத்தம். சுற்றுலாவுக்கு விலக்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் குட்டநாட்டில் ஒரு படகுவீட்டை மறித்து நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் லெவிட். அவர் பெரிய மனிதர் என்பதால் செய்தியானது, கைதும் நடந்தது. அதே நாளில் வேறு எந்த வண்டி எங்கே மறிக்கப்பட்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மேலே விலக்குப் பட்டியல் போட்டால் போதாது. கீழே தெருமுனையில் நிற்கிற பத்துப் பேருக்கு அது போய்ச் சேர வேண்டும், மீறினால் சங்கமே அவர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

செங்கதிர்:

ஏற்கிறேன். ஒவ்வொரு முனையிலும் பொறுப்பாளர் பெயரோடு பட்டியல் இருந்தால் அது நடக்கும். பெயர் இல்லாத கூட்டத்துக்குத்தான் துணிச்சல் வருகிறது.

நீதிமன்ற வராந்தா:

சட்டநிலையைச் சுருக்கி வைக்கிறேன், ஏனென்றால் பலர் "ஹர்த்தால் தடை செய்யப்பட்டது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 1997 ஜூலையில் 'பந்த்' அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பிறரைக் கட்டாயப்படுத்தி முடக்குவதைத்தான் அந்தத் தீர்ப்பு தடுத்தது. தானாக விலகி நிற்கும் உரிமையைத் தொடவில்லை. அதன்பின் கட்சிகள் 'ஹர்த்தால்' என்று அறிவிக்கத் தொடங்கின. தெருவில் நடப்பது மாறவில்லை.

தமிழ்நாட்டிலும் இது வந்தது. சேது சமுத்திரத் திட்டத்துக்காக 2007 அக்டோபர் 1 அன்று அறிவிக்கப்பட்ட முழு அடைப்பை, முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமையிலேயே கூடி உச்ச நீதிமன்றம் தடுத்தது. தி.மு.க. அதை உண்ணாவிரதமாக மாற்றியது.

2019 ஜனவரி 3 ஹர்த்தாலில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு வியாபாரிகள் கடை திறந்தே தீருவோம் என்று திறந்தார்கள். தாக்கப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஜனவரி 7 அன்று, ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. யாராவது நீதிமன்றத்தை நாடவும், அரசு பாதுகாப்பு ஏற்பாடு செய்யவும் அவகாசம் தருவதுதான் நோக்கம். மருத்துவ நண்பர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டும் அந்த அவகாசத்தில்தான் அடங்கும்.

2022 செப்டம்பர் 22 அன்று அறிவித்து, பாப்புலர் ஃபிரண்ட் என்ற அமைப்பு அந்த உத்தரவை மீறி மறுநாளே ஹர்த்தால் நடத்தியது. பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. அரசுப் போக்குவரத்துக் கழகம் 5.06 கோடி கேட்டது, நீதிமன்றம் 5.20 கோடி கட்டச் சொன்னது. கட்டவில்லை. 2023 ஜனவரியில் சொத்து ஜப்தி தொடங்கியது. அதிலும் கோளாறு: அந்த அமைப்புக்குத் தொடர்பே இல்லாதவர்களின் நிலமும் பட்டியலில் ஏறிவிட, நீதிமன்றம் தலையிட்டு விடுவிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. வசூல் என்றால் அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்து ஜப்தி செய்வதல்ல. சர்வே எண்ணும் தந்தை பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

எல்லாச் சட்டத்திலும் உள்ள பொத்தல் ஒன்று. 1984 மத்தியச் சட்டம், தமிழ்நாட்டின் 1992 சட்டம், கேரளத்தின் 2019 சட்டம், மூன்றும் உடைந்த பொருளைப் பற்றித்தான் பேசுகின்றன. அழுகிய தக்காளியும் போன கூலியும் அவற்றில் 'சேதம்' ஆவதில்லை. அந்த எல்லையைத் தாண்டியது பம்பாய் உயர் நீதிமன்றம்தான். 2003 ஜூலை 30 மும்பை பந்துக்காக பா.ஜ.க.வும் சிவசேனாவும் ஆளுக்கு 20 லட்சம் கட்ட வேண்டுமென்று 2004இல் சொன்னது. அழைப்பு விட்டவரே நகரம் பட்ட பாட்டுக்குப் பொறுப்பு என்ற அந்தப் பார்வையைப் பிற மாநிலங்கள் தொடராதது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

பாலிசி பார்ப்பவர்:

இன்சூரன்ஸ் பற்றி மூன்று விஷயம்.

காருக்கோ லாரிக்கோ மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், கல்லெறிக்கு ஒரு பைசா கிடையாது. முழுக் காப்பீடு என்றால் கலவரமும் வேலைநிறுத்தச் சேதமும் அடங்கும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள், பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் ஒரு கண்ணாடிக்குக் கிளெய்ம் போட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 50 சதவீத போனஸில் இருப்பவர், போனஸ் கழிக்கும் முன் சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 என்றால், அடுத்த ஆண்டு 6,000 கூடுதலாகக் கட்டுவார். கண்ணாடி 5,000 என்றால் கைக்காசு போட்டு மாற்றுவதே மேல். போனஸ் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருந்தால் கணக்கு வேறு.

கடைக்குத் தீ விபத்துப் பாலிசியில் கலவரம், வேலைநிறுத்தம் அடங்கும். ஷட்டர் உடைந்தால், கண்ணாடி உடைந்தால் கிடைக்கும். வேலை நின்றதால், உற்பத்தி தடைபட்டதால் வந்த இழப்பு வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கும். பேக்கரி அடுப்பு அணைந்து மாவு புளித்துப்போனால் அது உங்கள் கணக்கில்தான்.

வழிச்சரக்குப் பாலிசியில் வேலைநிறுத்தம், கலவரம் தனிச் சேர்க்கை, கேட்டு வாங்க வேண்டும். வாங்கியிருந்தாலும் தாமதத்தால் அழுகியதற்குக் கிடைக்காது. வண்டியைக் கவிழ்த்தால் கிடைக்கும், நிறுத்தி வைத்தால் கிடைக்காது.

சேதமானால் முதலில் நகராமல் படம் எடுங்கள், வண்டி எண்ணும் பின்னணியும் தெரியும்படி. அன்றே போலீஸில் புகார் ரசீது வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்க்காதீர்கள்.

தோவாளைப் பூ:

வாளையாரை மட்டும் சொன்னால் தெற்கு விட்டுப்போகும். தோவாளைச் சந்தைப் பூவுக்குத் திருவனந்தபுரம் பெரிய வாங்குமிடம். பிச்சியும் மல்லியும் மொட்டாகப் பறிச்சு அன்னைக்கே போய்ச் சேரணும், சாயங்காலம் விரிஞ்சிட்டா மாலைக்கு ஆகாது. பறிக்காம விடவும் முடியாது, செடியிலேயே விரிஞ்சு போகும். சென்ட் ஆலை இருக்கிற பகுதியில மல்லியை மலிவு விலைக்காவது தள்ளலாம். இங்க அதுவும் இல்ல.

ஐயா, வக்கீல் சொன்ன மாதிரி போன கூலியையும் போன விலையையும் ஒரு நாள் கோர்ட் கணக்கில் எடுக்கும்னா, அதுக்கு நாங்க இப்பவே என்ன காகிதம் சேர்த்து வைக்கணும்?

நீதிமன்ற வராந்தா:

அன்றைய சந்தைச் சீட்டு, அதோடு அதற்கு முந்தைய ஏழு நாள் சீட்டு, பிந்தைய மூன்று நாள் சீட்டு. விலை வழக்கமாக என்ன, அன்று என்ன என்பது அதில்தான் தெரியும். பறிப்புக் கூலி கொடுத்த நோட்டில் கையெழுத்தும் தேதியும். வாங்குபவர் "வேண்டாம்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். போனில் சொன்னால் "சரி, ஹர்த்தாலால் லோடு நிறுத்துகிறேன்" என்று பதிலை எழுத்தில் அனுப்புங்கள், அதற்கு நேரம் பதிவாகும். ஹர்த்தால் அறிவிப்பு வந்த செய்தித்தாள் பக்கம், அழைப்பு விட்ட அமைப்பின் பெயர் தெரியும்படி. தனித்தனியாகக் கொடுத்தால் தொகை சிறிதாகத் தெரியும், சந்தை வியாபாரிகள் சங்கம் ஒரே மனுவாகச் சேர்த்துத் தருவது நல்லது.

தோவாளைப் பூ:

நன்றி ஐயா. சங்கச் செயலாளர்கிட்ட இதை அப்படியே அனுப்பிட்டேன்.